அட்டைத் தூணின் குரல்

லண்டனில் ஆல்பியன் ஆபரா என்கிற இசைநாடக அரங்கில் ஹெட்லி ஒல்டிராய்ட் பதினான்கு வருஷமாகக் கதவு திறந்துகொண்டிருந்தான். சிறைக் கதவு, மாளிகைக் கதவு, மடத்துக் கதவு என்று எல்லாமே அட்டைக் கதவுகள். திறந்து, அரசர் வருகிறார் என்று இரண்டு வரி பாடிவிட்டு ஒதுங்க வேண்டும். அரசர் எப்போதும் வெளிநாட்டிலிருந்து வருவார்.

ஹெட்லியின் குரல் என்னவோ அரசருடைய குரல்தான். அதை அவனே ஒத்துக்கொள்வான். யாரும் கேட்காதபோதும் ஒத்துக்கொள்வான். பாரிடோன் குரல். ஆபரா உலகத்தில் உச்சத்தில் கத்துகிற டெனருக்குக் காதலி கிடைப்பாள். அடித்தொண்டையில் உறுமுகிறவனுக்குக் கடவுளோ பேயோ கிடைக்கும். நடுவில் நிற்கிற பாரிடோனுக்குக் கிடைப்பது அப்பா வேஷமும் வில்லன் வேஷமும், கடைசி அங்கத்தில் ஒரு கத்திக்குத்தும். அந்தக் கத்திக்குத்துகூடத் தனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் ஹெட்லி பொருமிக்கொண்டிருந்தான்.

பெரிய வேஷங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நட்சத்திரத்துக்கு உடம்புக்கு வந்தால் ஏறிப் பாடவேண்டிய மாற்றுப் பாடகன் அவன். ஆனால் வந்த நட்சத்திரங்களுக்கெல்லாம் குதிரை ஆரோக்கியம். மூட்டமும் மழையும் வறுத்த ஈரலும் லண்டன்காரர்களைப் படுக்கவைத்தன. இத்தாலிக்காரர்களை ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு தடவை அந்த மேடையில் பெரிய வேஷத்தில் நின்று, இன்று பாடுபவர் ஹெட்லி ஒல்டிராய்ட் என்று யாராவது சபைக்குச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். நாற்பத்தாறு வயதில் வேறு ஆசை எதுவும் அவனிடம் மிச்சமில்லை.

அந்த நாள் ஒரு புதன்கிழமை வந்தது. பதுவா நகரத்துக் கிழட்டுக் கோமான் தன் மகளின் காதலனைக் கொன்றுவிட்டு மூன்று அங்கங்கள் வருந்துகிற ஆபரா. கோமானாகப் பாட ஆட்டிலியோ ப்ரஸ்கோட்டி என்ற பெருந்தொந்திப் பாடகர் நேப்பிள்ஸிலிருந்து வந்திருந்தார். ஆல்பியனில் எல்லோரும் ஆங்கிலத்தில் பாடுவார்கள், விருந்தாளி மட்டும் தன் மொழியில் பாடுவார். என் காதலர் எங்கே என்று மகள் ஆங்கிலத்தில் கேட்பாள். அவனைக் கொன்றுவிட்டேன் என்று அப்பா இத்தாலியனில் சொல்வார். மகள் புரிந்துகொண்டு மயங்கி விழுவாள். சபைக்குத்தான் புரியாது. யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

மதியம் ப்ரஸ்கோட்டியின் தொண்டை கட்டிக்கொண்டது. பேசினால் கட்டைவண்டிச் சக்கரம் போலச் சத்தம் வந்தது. ஹெட்லி உடுப்பு அறைக்கு ஓடி, கோமானின் அங்கியைத் தன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிர்வாகி சர் பெரிக்ரின் தோர்ப் கூப்பிட்டனுப்பினார்.

இப்படிப்பட்ட சமயத்துக்கு எந்த ஆபரா அரங்கிலும் ஒரு மரியாதை உண்டு. நிர்வாகி திரைக்கு முன்னால் வந்து நிற்பார். இன்னாருக்கு உடல்நலமில்லை, அவருக்குப் பதில் இன்னார் பாடுவார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார். சபை அனுதாபத்தோடு கைதட்டும். நட்சத்திரம் நடமாடும் அளவுக்குத் தெம்பாக இருந்தால் அவர் மேடையில் நடிப்பார், மாற்றுப் பாடகன் ஓரத்தில் எல்லோரும் பார்க்க நின்று பாடுவான். அப்போதும் பெயர் சொல்லிவிடுவார்கள்.

சர் பெரிக்ரின் ஹெட்லியை உட்காரச் சொல்லவில்லை. கோமாட்டி ஒருத்தி ப்ரஸ்கோட்டியைக் கேட்கவென்றே ஸ்காட்லாந்திலிருந்து இறங்கி வந்திருக்கிறாள் என்றார். ப்ரஸ்கோட்டியும் தனக்கு உடம்பு சரியில்லை என்று சபையில் சொல்லக் கூடாது, சொன்னால் அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விடுவேன் என்று எழுதிக் காட்டினாராம். அதனால் அறிவிப்பு கிடையாது. மேடை இடப்பக்கம் ஒரு பெரிய அட்டைத் தூண் இருக்கிறது. அதில் கண்ணுக்கு நேரே ஓட்டை போட்டு வலைத்துணி ஒட்டியாகிவிட்டது. ஹெட்லி தூணுக்குள் நின்று இத்தாலியனில் பாடுவான், ப்ரஸ்கோட்டி வெளியே நின்று வாயசைப்பார்.

"யாருக்கும் தெரியவே போறதில்ல, என் அருமைப் பையா" என்றார் சர் பெரிக்ரின். அறுபது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோருமே அவருக்குப் பையன்தான்.

ஹெட்லி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் கோமானின் முதல் பாட்டு தொண்டைக்குள் ஏற்கனவே எழுந்து உட்கார்ந்திருந்தது. சரி சர் என்று சொல்லிவிட்டான்.

தூணுக்குள் பசை நாற்றம், குனிந்தால்தான் தலை இடிக்காது. அப்படி நின்று முதல் அங்கத்தைப் பாடினான். அவன் ஆயுளில் அப்படிப் பாடியதில்லை. பால்கனியில் இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். வலைத்துணி வழியே பார்த்தான்: ப்ரஸ்கோட்டி கையை மார்பில் வைத்து, கண்ணை மூடி, தன் குரலைத் தானே ரசித்தவர் போலத் தலைகுனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். திரை விழுந்ததும் தூணுக்குப் பின்னால் வந்து ஹெட்லியின் கன்னத்தில் இரண்டு விரலால் தட்டினார். மூச்சு வாங்குவது வெளியே கேட்கிறது, கொஞ்சம் அடக்கிக்கொள் என்று கட்டைவண்டிக் குரலில் அறிவுரை வேறு.

இரண்டாம் அங்கம் முழுவதும் அந்தக் கன்னம் எரிந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் அங்கத்தில் கோமான் மகள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிற பெரிய பாட்டு. வாத்தியங்கள் அடங்கின. ஹெட்லி இத்தாலியனில் தொடங்கவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினான். அதுவும் லண்டன் ஆங்கிலத்தில் இல்லை. வடக்கே யார்க்ஷரில் அவன் பிறந்த பேட்லி ஊரில், கம்பளி ஆலைத் தெருவில் பேசுகிற ஆங்கிலத்தில். இசைக் கல்லூரியில் மூன்று வருஷம் பல்லுக்கிடையே தக்கையைச் செருகிச் சுரண்டி எடுத்த பேச்சு, அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டது. 'மகளே, உன் தந்தையை மன்னிப்பாயா' என்று மெழுகிய தரை போல வரவேண்டிய வரி, 'ஏட்டி மவளே, ஒங்கப்பன மன்னிச்சிருட்டீ' என்கிற தோரணையில் வந்து விழுந்தது. ப்ரஸ்கோட்டியின் வாய் இத்தாலியனில் அசைந்துகொண்டிருந்தது. மகளாக நடித்தவள் மயங்கி விழவேண்டிய இடத்துக்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். இனி எவனும் இதை ப்ரஸ்கோட்டியின் குரல் என்று சொல்ல முடியாது என்று ஹெட்லி ஒவ்வொரு வரியையும் கல்லைப்போலத் தூக்கிப் போட்டான்.

பாட்டு முடிந்ததும் சபை கூரை பெயரும்படி கைதட்டியது.

மறுநாள் காலை கென்டிஷ் டவுன் வீட்டில், ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டே அவன் மனைவி எட்னா பத்திரிகையை வாசித்தாள். அவளும் பேட்லிக்காரி. சிக்னோர் ப்ரஸ்கோட்டி மூன்றாம் அங்கத்தை நம் மொழியில் பாடி இந்நாட்டையே கௌரவித்துவிட்டார் என்று எழுதியிருந்தது. அவருடைய உச்சரிப்பில் தென் இத்தாலியின் வெயிலும் திராட்சைத் தோட்டத்து மணமும் வீசியதாம். நம் ஊர்ப் பாடகர்கள் அவரிடம் வார்த்தைத் தெளிவைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

எட்னாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பேட்லில வெயில் அடிக்கும்னு இன்னிக்குத்தான் கேள்விப்படுறேன்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? திருட்டுப் பசங்க. என் குரலைத் திருடினாங்க, இப்ப ஊர்ப் பேச்சையும் திருடிட்டாங்க."

"திருடினாங்களா? நீயே நடந்துபோய் தூணுக்குள்ள நுழைஞ்ச. யாராச்சும் கைகால கட்டித் தூக்கிட்டுப் போனாங்களா?"

ஹெட்லி பத்திரிகையைப் பிடுங்கி அடுப்பில் போட்டான். மேஜையில் வேறு இரண்டு பத்திரிகைகள் இருந்தன, அவற்றையும் போட்டான். எட்னா சொன்னதில் பொய் இல்லை என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

வெள்ளிக்கிழமை சர் பெரிக்ரின் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். அவருக்கு ஒரே சந்தோஷம். நாளைக்கு இரண்டாவது ஆட்டம், ப்ரஸ்கோட்டியின் தொண்டை இன்னும் சரியாகவில்லை, ஆனால் கோமாட்டி ஆங்கில அங்கத்தைத் திரும்பக் கேட்க வருகிறாள். அதனால் மூன்று அங்கமும் ஆங்கிலத்திலேயே, அதே இத்தாலிய உச்சரிப்பில் பாடிவிட வேண்டும் என்றார். சமயம் கிடைக்கும்போது அந்த உச்சரிப்பை ப்ரஸ்கோட்டிக்கும் கற்றுக்கொடுத்தால் நன்றாக இருக்குமாம்.

"பாடுறேன் சர்" என்றான் ஹெட்லி. "திரைக்கு முன்னால வந்து என் பேரைச் சொல்லுங்க. அது போதும்."

சர் பெரிக்ரின் வருத்தத்தோடு சிரித்தார். "ஒல்டிராய்ட். நீயே ஒரு தடவை சொல்லிப் பாரேன். பதுவா கோமான் மாதிரியா இருக்கு? கொதிகலனை ரிப்பேர் பண்ண வந்த ஆள் மாதிரி இருக்கு. அடுத்த வருஷம் இத்தாலிக்காரன் மாதிரி ஒல்ட்ரோனின்னு வச்சுக்குவோம். மீசை வளர்த்துக்கோ. பார்க்கலாம்."

ஹெட்லி எழுந்து, நாளைக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினான். படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தான், கீழே வந்ததும் விரல்கள் பிரிய மறுத்தன.

சனிக்கிழமை மாலை அவன் தன் ஒரே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். தூணுக்குள் நுழைய எதற்குக் கோட்டு என்று கோரஸ்காரர்கள் கேலி பண்ணினார்கள். விளக்குகள் மங்கின. வாத்தியக்காரர்கள் வில்லைத் தூக்கிய நேரத்தில் ஹெட்லி திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றான். கறுப்புக் கோட்டுப் போட்டவன் திரைக்கு முன்னால் வந்தால் ஆங்கிலேயச் சபை அவனை நம்பிவிடும். எல்லோரும் அமைதியானார்கள்.

"சீமாட்டிகளே, கனவான்களே. ஒரு வருத்தமான செய்தி சொல்லணும். ஹெட்லி ஒல்டிராய்டுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. அதனால சிக்னோர் ப்ரஸ்கோட்டி அவரோட சொந்தக் குரல்லயே பாடுவார். தயவுசெஞ்சு பொறுத்துக்குங்க."

அரங்கம் முழுக்க நிகழ்ச்சித் தாள்கள் சலசலத்தன. முன்வரிசையில் ஒரு கனவான் தன் மனைவியிடம் யார் அந்த ஒல்டிராய்ட் என்று கேட்டார். யாரோ பாவம், உடம்பு சரியில்லையாம் என்றாள் அவள். இரண்டு பேரும் கைதட்டினார்கள். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். ஹெட்லி வணங்கிவிட்டு உள்ளே வந்தான்.

திரைக்குப் பின்னால் சர் பெரிக்ரின் முகம் பீட்ரூட்டாகியிருந்தது. இந்த நகரத்தில் இனி உனக்கு வாழ்வே கிடையாது பையா என்றார். எனக்கு நாற்பத்தாறு வயசு, பையன் என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஹெட்லி பின்கதவு வழியாகச் சந்துக்கு வந்தான். எட்னா குடையோடு நின்றிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியங்கள் தொடங்கின. ப்ரஸ்கோட்டியின் முதல் வரி வந்தது. கீழே விலையுயர்ந்த இருக்கைகளில் அதற்கும் கைதட்டினார்கள். மூன்றாவது வரியில் குரல் பிளந்ததும் பால்கனியில் இருந்தவர்கள் காலால் தரையை உதைக்கத் தொடங்கினார்கள். விஷயம் அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஒல்டிராய்ட், ஒல்டிராய்ட் என்று கத்துவது சந்துவரை கேட்டது.

சர் பெரிக்ரின் மழையில் வெறுந்தலையோடு ஓடி வந்தார்.

"உன் பேரைச் சொல்றேன். இப்பவே போய்ச் சொல்றேன். ஒல்டிராய்டுன்னே சொல்றேன். வா."

ஹெட்லியின் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டான். எட்னா குடையை மடக்கினாள்.

"அங்கி எங்க?" என்றான்.

"அங்கி ப்ரஸ்கோட்டி மேல இருக்கு. கழட்டமாட்டேங்கிறார். அதனால என்ன, நீ தூணுக்குள்ளேயே நின்னுக்கலாம். பேரை மட்டும் சொல்லிடறேன்."

உள்ளே தன் பெயர் அந்த மேடைக்கு முன்னால் மோதி மோதித் திரும்புவதைக் கேட்டுக்கொண்டே ஹெட்லி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"தூணையே பாடச் சொல்லுங்க சர்."

ஹெட்லியும் எட்னாவும் தெருமுனைக் கடையில் பொரித்த மீன் வாங்கித் தின்றார்கள். அவன் ஒரு துண்டுக்கு மேல் தின்னவில்லை.

அடுத்த மாதம் வடக்கே ஊர் ஊராகப் போகிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தான். நகர மண்டபங்களிலும் சர்ச் கூடங்களிலும் கோமானாகப் பாடினான். பெயரைச் சுவரொட்டியில் போட்டார்கள். பேட்லிப் பேச்சிலேயே பாடினான், ஜனங்களும் அழுதார்கள். அப்படி ஹாரகேட்டில் பாடியபோது, மூட்டுவலிக்கு அங்கே வெந்நீரில் குளிக்க வந்திருந்த லண்டன் விமரிசகர் ஒருவர் கேட்டுவிட்டு எழுதினார். திரு. ஒல்டிராய்டின் குரல் வளமானது. ஆனால் ப்ரஸ்கோட்டியின் இத்தாலிய உச்சரிப்பை இவ்வளவு அப்பட்டமாகக் காப்பியடிப்பதை அவர் நிறுத்திக்கொண்டால் நல்லது.

ஹெட்லி பத்திரிகையை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு, வெந்நீர்க் குளியல் கட்டிடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று விடுதிக்காரியிடம் கேட்டான். எட்னா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.