மூன்று நாடுகளும் ஒரு போத்தலும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம். போன வருடமே எழுதியிருக்க வேண்டிய ஒரு கடிதத்தை எழுதாமல் விட்டதால் பிறந்த கதை இது. கடிதம் அரைப்பக்கம் வந்திருக்கும். அதைத் தட்டிக்கழிக்க சோமசேகரம் நாற்பத்தொரு பக்கம் எழுதினார். பயப்படாதீர்கள், உங்களுக்கு வந்திருப்பது சுருக்கம். மனுசனுக்குத் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வீடு, நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை, ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். இலக்கிய ஆசைக்குத்தான் ஓய்வு வயது இல்லை.

(சோமசேகரம் வேறு, இதை எழுதுகிறவர் வேறு என்று நீங்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். ‘நான்’ என்று தொடங்கிய முதல் படி குப்பைக் கூடைக்குள் கிடக்கிறது. ‘அவர்’ என்று எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறைகிறது.)

2

தொடக்கம் ஒன்று: ‘மேல்நாடு, நடுநாடு, கீழ்நாடு என்னும் மூன்று அரசுகள் ஒரே நதியைப் பங்கிட்டு வாழ்ந்தன. அணைக்கதவு மூடப்பட்ட அன்று கடலானது தன்—’

கடலானது தன் எதை என்ன செய்தது என்று தெரியாமலே மூன்று நாள் போயிற்று.

தொடக்கம் இரண்டில் தூதுவர்கள் வந்தார்கள். தங்கத் தட்டில் உப்பு வந்தது. ஒப்பந்தம் ஒன்று பன்னிரண்டு பக்கத்துக்கு நீண்டது. வாசித்துப் பார்த்த மனைவி, “தூதுவர் எல்லாரும் உங்கட கந்தோர்ச் சுற்றறிக்கை மாதிரியே கதைக்கினம்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

* அடிக்குறிப்பு: மன்னர் எவரும் இல்லை. கொட்டியாரக் குடாவில் விழும் ஓர் ஆற்றின் கரையில் மேல்கண்டம், நடுக்கண்டம், கடைக்கண்டம் என்று மூன்று வயல்வெளிகள் உண்டு. மழை குறைந்த சிறுபோகத்தில் அணைக்கதவு திறந்திருந்தால் ஆற்றுத்தண்ணீர் இறங்கிவந்து கடலைத் தள்ளி வைக்கும். மூடினால் தண்ணீர் நடுக்கண்டத்து வாய்க்காலுக்குத் திரும்பும். கடல் ஆற்றுக்குள் ஏறிக் கடைக்கண்டத்தை உப்பாக்கும். இவ்வளவுதான் விசயம். இதற்குப் போய்க் கிரீடம் செய்து கொடுத்திருக்கிறார் மனுசன்.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. நடுக்கண்டத்தில் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை கலீலுர் றஹ்மானுக்கு மீசை வைத்து, வாள் கொடுத்து, நடுநாட்டு மன்னனாக்கினார் சோமசேகரம். போன வருடம் அணைக்கதவை மூடச் சொல்லிக் கேட்டவர் அவர்தான், அதில் பொய்யில்லை. ஆனால் கேட்ட விதம்தான் கதையைக் கெடுத்தது.

“சேர், எங்கட பயிரும் வாடுது. ஆனா கீழ உப்பு ஏறாதுண்டு நீங்க அளந்து சொன்னாத்தான் மூடச் சொல்லுவன். அந்தச் சனத்துட வகுத்துல அடிக்க ஏலா.”

இப்படிக் கேட்கிற மனிதருக்கு எத்தனை வாள் கொடுத்து என்ன பயன்? வில்லன் பதவி வெற்றிடமாயிற்று. தகுதியுள்ள விண்ணப்பதாரர் ஒருவர்தான் மிச்சம். அவர் பேனாவும் கையுமாகக் கதிரையில் இருந்தார்.

4

[இந்தப் பகுதி நான்கு தடவை நீக்கப்பட்டது.]

உப்புத் தண்ணீர் கனம், அடியில் கிடக்கும். நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கும். ஆகவே ஆற்றில் உப்புப் பார்க்கிறவர் தோணியில் இறங்கி, போத்தலில் கல் கட்டி அடிவரை விட்டு, அங்கே வைத்துத்தான் மூடியை இழுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இருபது வருடமாக இதைப் படிப்பித்தவர் சோமசேகரம்.

அளக்கப் போன அன்று ஆற்றங்கரை முழுக்கச் சேறு. அவர் காலில் புதுச் சப்பாத்து. பின்னேரம் திருகோணமலையில் கவிதை வாசிப்பு. பாலத்தில் நின்றபடியே கயிற்றில் போத்தலை விட்டு, மேல்தண்ணீரை மொண்டு, ‘உப்பு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். கதவு மூடப்பட்டது.

(கவிதையின் தலைப்பு: ‘நதித்தாய்க்கு ஒரு விண்ணப்பம்’. கைதட்டல் சுமார்.)

கடைக்கண்டத்தில் கோணேஸ்வரி என்பவருக்கு மூன்று ஏக்கர். அவருடைய பம்பின் குழாய் வாய் ஆற்றின் அடியில் கிடந்தது. கதவு மூடிய பதினோராம் நாள், கதிர் வெளிவராமல் குடலைப் பருவத்தில் நின்ற நெல் நுனியிலிருந்து கருகத் தொடங்கியது.

5

போன வியாழக்கிழமை கோணேஸ்வரியே ஓர்ஸ் ஹில்லுக்கு வந்துவிட்டார். சம்பூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், முகம் கழுவக்கூட நேரம் எடுக்கவில்லை.

“திங்கக்கிழமை பயிர்ச்செய்கைக் கூட்டம் சேர். ஆத்தில உப்பில்லையெண்டு நீங்கள் எழுதினபடியா, என்ர காணியத்தான் உவர்நிலமெண்டு சொல்லி, தண்ணி குடுக்கிற லிஸ்ட்டில இருந்து எடுக்கப் போகினமாம். சண்டையில இடம்பெயந்து பத்து வருசத்துக்கு மேல முகாம் முகாமா இருந்துபோட்டுத் திரும்பிப் பிடிச்ச காணி. மண்ணில பிழையில்ல, விதையிலயும் பிழையில்ல. நான் அடித்தண்ணிய வாயில வைச்சுப் பாத்தனான், கரிச்சுது. நீங்கள் எங்க நிண்டு அளந்தனீங்களெண்டு மட்டும் எழுதித் தாங்கோ.”

சோமசேகரம் தேத்தண்ணி கொடுத்தார். அப்புறம், கடிதத்துக்குப் பதிலாக, அதுவரை எழுதிய கதையைக் கொடுத்தார். ஓம், வெறும் விசர், பைத்தியக்காரத்தனம்தான். இதைவிடக் கேவலமான ஒன்றை ஓர் எழுத்தாளன் செய்ய முடியுமென்று தோன்றவில்லை.

கோணேஸ்வரி மன்னர்கள், தூதுவர்கள், உப்புத் தட்டு எல்லாவற்றையும் பொறுமையாகத் தாண்டிப் பாலத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

“எல்லாம் இதில இருக்குத்தானே” என்றார். “முடிவு எங்க?”

“மூண்டு முடிவு யோசிச்சு வைச்சிருக்கிறன், தங்கச்சி. மன்னர்மார் சமாதானமாகிறது ஒண்டு. மழை வாறது ஒண்டு. இல்லாட்டி வாசகரிட்டயே விட்டிடலாம். இப்ப அதுதான் நல்ல எழுத்தெண்டு சொல்லுகினம்.”

கோணேஸ்வரி தாள்களை அடுக்கி மேசையில் வைத்தார்.

“வாசிக்கிற ஆக்கள் திங்கக்கிழமை கூட்டத்துக்கு வருவினமோ, சேர்?”

நக்கலாகக் கேட்கவில்லை. ஆள்பலம் தேடுகிறவர் கேட்பதுபோல, வருவார்களாக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்டார்.

6

முடிவு ஒன்று: நதிக்கரையில் மன்னர்கள் மூவரும்—

முடிவு இரண்டு: வானம் இருண்டு—

முடிவு மூன்று: வாசகரே, இனி இது உங்கள்—

இல்லை. உங்கள் தலையில் கட்ட ஏலாது. நீங்கள் அன்று பாலத்தில் நிற்கவில்லை.

இன்று திங்கட்கிழமை, கூட்டம் ஒன்பது மணிக்கு. விசாரணை வைப்பார்கள், ஓய்வுக்கு மிச்சமிருக்கிற அந்த எட்டு மாதம் என்னவாகும் என்று தெரியாது. அவர் சொல்வதைக் கேட்டுக் கோணேஸ்வரியின் காணியை விட்டுவைப்பார்களா என்பதும் தெரியாது. கலீலுர் றஹ்மானின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். இருந்தாலும் காலையில் எழும்பி, கதையின் கடைசிப் பக்கத்துக்கென்று எடுத்து வைத்த தாளில், அன்று எங்கே நின்று அளந்தார் என்று நாலு வரி எழுதி, கையெழுத்து வைத்து, சட்டைப்பைக்குள் மடித்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ஆகையால் இந்தக் கதைக்குக் கடைசிப் பக்கம் இல்லை.