துடைத்த நாடா

இருமல் முதலில் வந்ததா, துடைத்தது முதலில் வந்ததா என்று இப்போது திட்டமாகச் சொல்ல முடியவில்லை. வருஷம் எழுபத்தாறாக இருக்கலாம், அதற்கு அடுத்ததாகவும் இருக்கலாம். இருமல்தான் முதலில் என்று கன்னியப்பன் சாகிறவரை தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவரே நம்பினாரா என்பது வேறு விஷயம்.

புதுச்சேரி டவுனில் ஒரு துணி மில். காலை ஷிப்டில் அம்மாவாசை ஓட்டிய தறியை மதியம் கன்னியப்பன் வாங்கிக்கொள்வார். தறியில் குறுக்கே பாய்கிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். அதற்குள் நூல் தீர்ந்தால் புதிதாகப் போட்டு, பக்கவாட்டில் உள்ள துளையில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். நூல்முனை வெளியே வரும். சேரிக்காரரான அம்மாவாசை உறிஞ்சிய துளையில்தான் கன்னியப்பனும் உறிஞ்சினார்.

அதை வைத்துத்தான் சங்கத்தில் அவருக்குப் பேரே. கேட் கூட்டங்களில் பேச்சை முடிக்கும்போது, "ஒரே நாடாவுல வாய் வைக்கிறோம். அப்புறம் என்னாங்கடா சாதி?" என்பார். கைதட்டல் அடங்க நேரமாகும். அம்மாவாசையும் தட்டுவார்.

"உங்க எச்சில் கசக்குது தோழரே, பீடியக் கொறைங்க" என்று பிறகு சிரிப்பார். அப்படிப் பேச அம்மாவாசைக்கு அந்த மில்லில் வேறு ஆள் இல்லை.

பிறகு அம்மாவாசைக்கு இருமல். கன்னியப்பன் சட்டை நுனியால் துளையைத் துடைத்ததை ஒருநாள் அவர் பார்த்துவிட்டார்.

"என்னா தோழரே, புதுசா இருக்கு?"

"இருமுறியே. டி.பி.யா இருந்தா? எனக்கும் புள்ளைங்க இருக்குதில்ல. மொதல்ல படம் எடுத்துப் பாரு."

"அதுக்குத்தானே?"

"வேற எதுக்கு?"

அம்மாவாசை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் ஷிப்ட் மாறும்போது எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"டி.பி. இல்லையாம். பஞ்சுத் தூசியாம். டாக்டரே சொல்லிட்டாரு."

கன்னியப்பனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அது உண்மை. "நல்லதாப் போச்சு" என்றபடி நாடாவை எடுத்து நூலைப் போட்டார். அம்மாவாசையின் பார்வை தன் முகத்தில் இல்லாமல் கீழே நிற்பதைக் கண்டு தானும் குனிந்து பார்த்தார். கை துளையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பழக்கமாயிடுச்சு" என்றார்.

"எப்பத்திலேருந்து தோழரே?"

கன்னியப்பன் தறியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவாசை படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று கன்னியப்பன் துடைக்காமல் உறிஞ்சிப் பார்த்தார். குமட்டியது. முன்பு குமட்டியதில்லையே என்று நினைத்தார். முன்பு துடைத்ததே இல்லையா, அல்லது துடைத்ததைத் தான் பார்த்ததில்லையா? தறிச் சத்தத்தில் நெடுநேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த நாளிலிருந்து ஷிப்ட் மாறும் சங்கு ஊதுமுன் அம்மாவாசையே தன் துண்டால் துளையைத் துடைத்து, நாடாவைத் தறிமேல் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று கன்னியப்பன் சொல்லவில்லை. சொன்னால், துடைக்காத நாடாவில் வாய் வைக்க வேண்டும்.

அடுத்த கேட் கூட்டத்தில் நாடாவைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தபோது எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள். அவர் போனஸ் பற்றி ஏதோ சொல்லிவிட்டு இறங்கினார்.

எண்பதுகளில் மில்லை மூடினார்கள். அம்மாவாசை தூசி இருமலிலேயே செத்தார். கன்னியப்பன் போய் மாலை போட்டார். அங்கே கொடுத்த டீயைக் குடிக்காமல் திரும்பினார். பிழைப்புக்குப் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். சில வருஷத்தில் அவரும் போய்விட்டார். தறிகளைப் பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றார்கள்.