ஒரு வேருக்கு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க வேண்டியவர்கள் நோயாளிகள். மூடிக்கொண்டிருக்க வேண்டியவள் வரவேற்பில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

‘வேர் சிகிச்சை ரூ. 2000’ என்று சுவர்ப் பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்ப்பவர்கள் ஒரு பல்லுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்றுதான் அப்படி எழுதி வைத்திருந்தார் டாக்டர். பல்லைக் குடைந்து பஞ்சு வைத்ததும் உள்ளறைக் கதவைத் திறந்து தலையாட்டுவார். கோகிலவாணி போய், “அது ஒரு வேருக்குங்க, உங்க பல்லுக்கு மூணு வேரு” என்பாள். வேர் முடிந்த பிறகு, மேலே மாட்டுகிற கேப் தனி என்பாள். பாதி சிரைத்த தலையோடு எவன் எழுந்து ஓடுவான்? பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போவார்கள். போகும்போது டாக்டரைக் கும்பிட்டுவிட்டு இவளை முறைப்பார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

வேலையை உதறிவிட்டுப் போக அவளுக்கும் ஆசைதான். வாயில் கம்பி இருந்ததே, எங்கே போவது? அவளுக்கு எத்துப்பல். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்” என்று போனார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அப்போதுதான் டாக்டர், “நம்ம ஸ்டாஃப்மா நீ. கிளிப் மாட்டறதுக்கு உன்கிட்ட காசு வாங்குவேனா?” என்றார். அன்றைக்கு அவர் அவளுக்குக் குலசாமியாகத் தெரிந்தார். இப்போது சின்னசேலத்து இளவரசனோடு தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “கம்பிய கழட்டிட்டு நல்லா சிரிச்சுக்கினு நில்லு, போட்டோ எடுக்கலாம்” என்று அவன் போனில் கொஞ்சுவான். டாக்டரிடம் கேட்டால், “இன்னும் கொஞ்சம் இழுக்கணும்மா” என்று முறுக்கிவிடுவார்.

ஒரு நாள் காலை, வடக்கனந்தல் பக்கம் குத்தகை நிலத்தில் மரவள்ளி போடும் இருசப்பன் வந்தார். ஒரு பக்கக் கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. துண்டால் அழுத்திக்கொண்டே பலகையைப் பார்த்தார்.

“இதே வெலதான பாப்பா? அப்பறம் ஏத்த மாட்டீங்களே?”

“ஏங்க?”

“கெழங்கு புடுங்கறதுக்கு முந்தி ஏவாரி ஒரு வெல சொல்றான். புடுங்கி லாரில ஏத்தனதும் மாவு கம்மின்னு வேற வெல பேசறான். புடுங்குன கெழங்க திருப்பியா நட முடியும்? குடுத்தத வாங்கிக்கினு வரோம். அதான் கேட்டுக்கினேன்.”

இதுவரை ஒருவரும் அவளிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. கோகிலவாணிக்குச் சுருக்கென்று தைத்தது.

“அது ஒரு வேருக்குங்க,” என்றாள் மெதுவாக. “உங்களுது கடவாப் பல்லு. மூணு வேரு இருக்கும்.”

இருசப்பன் அவளையே பார்த்தார். “நல்ல வேள சொன்ன. நீ நல்லா இருக்கணும்” என்று எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் நெஞ்சு லேசாக இருந்தது. உள்ளறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததை அவள் அப்புறம்தான் பார்த்தாள்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். “உக்காரும்மா, கம்பிய பாக்கலாம்.” நாற்காலியைச் சாய்த்து, அவள் வாயைத் திறந்து, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

“பிடிக்கலைன்னா நாளைலேருந்து வர வேணாம். நான் யாரையும் கட்டிப் போடல.” குரலில் கோபமே இல்லை. “ஆனா ஒண்ணும்மா. மாட்டறதுக்குத்தான் காசு வேணாம்னேன். கழட்டறதுக்குச் சொல்லலியே.”

அவள் ஏதோ சொல்லப் பார்த்தாள். “ஆ... ஆ...” என்றுதான் வந்தது. எத்தனை பேர் இதே நாற்காலியில் படுத்துக்கொண்டு தன்னைப் பார்த்து இப்படி முனகினார்கள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. வெளியே கழற்றப் போனால் இன்னொருவர் கட்டிய கம்பி என்று எவ்வளவு கேட்பார்களோ! அரைகுறையாகக் கழற்றினால் பல் பழையபடி எத்திக்கொள்ளும். தைக்கு முன்னால் வேறு வழியில்லை. டாக்டர் ஒரு முறுக்கு கூடுதலாகவே முறுக்கிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி திறந்ததும் இருசப்பன் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“ராவெல்லாம் தூக்கமில்ல பாப்பா. சேலத்துக்குப் போலாம்னு வூட்ல சொன்னாங்க. போற எடத்துல எவன் உண்மைய சொல்லப் போறான், கள்ளக்குறிச்சில ஒரு பொண்ணு சொல்லுது, அங்கதான் போவேன்னு வந்துட்டேன். மூணு வேருக்கும் பணம் பொரட்டிக்கினு வந்திருக்கேன்.” கன்னத்திலிருந்து துண்டை எடுத்துவிட்டுக் குனிந்து கேட்டார். “அதுக்கு மேல ஒண்ணும் இல்லியே?”

உள்ளே கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

கோகிலவாணிக்கு ஈறெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. உதட்டை இழுத்துக் கம்பியை மூடிக்கொண்டாள்.

“இல்லீங்க,” என்றாள்.

“நீ சொன்னா சரி” என்று இருசப்பன் நிம்மதியாக உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குடைகிற சத்தம் கேட்டது. அது நின்றதும் கதவு திறக்கும், டாக்டர் தலையாட்டுவார். கேப் தனி என்று அந்த மனுஷனிடம் போய்ச் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.