தங்கை பக்கம் சாய்ந்த தண்ணீர்

கருமுட்டை எடுத்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, மாடி வீட்டிலிருந்த தண்ணீர் முழுவதும் தங்கை படுத்திருந்த அறையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. டம்ளரில் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, மறுபக்கம் அடி தெரிந்தது. குளியலறைக் குழாயைத் திறந்தால் நீர் வாளியில் விழாமல் வளைந்து போய்ச் சுவரை நனைத்தது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு நாலு மூலையும் பார்த்துவிட்டு, வீட்டில் கோணல் இல்லை, தண்ணீரில்தான் கோணல் என்று சொல்லி வேலைக்குக் கிளம்பினார்.

அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பதினோரு வருஷமாகக் குழந்தைக்குக் காத்திருந்தாள். இனி அவளுடைய முட்டைகள் உதவாது என்று டாக்டர் கைவிரித்த அன்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் தங்கை, தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள், ஏதோ குடையை இரவல் தருகிற மாதிரி. பத்து நாள் தங்கையின் வயிற்றில் ஊசி போட்டார்கள். பத்து முட்டை கிடைத்தாலே போதும் என்றிருந்தவர்களுக்கு இருபத்தாறு கிடைத்தன. கிளினிக்கில் இருந்தவர்கள் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இப்படி அள்ளிக் கொடுக்கிற உடம்புக்குத்தான் ஆபத்தும் அதிகம் என்ற விஷயம் அவர்கள் தந்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது. ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும். தங்கை அதைப் படித்திருந்தாள். மூன்றும் தனக்கு இருப்பதும் தெரியும். ஆனால் ஐந்தாம் நாள் அக்காவுக்குக் கரு வைப்பதாக இருந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று, வயிறு உப்புசம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

மற்றவர்களுக்குக் கோணலாகத் தெரிந்த தண்ணீர் அக்காவுக்குக் கை நீட்டிக் காட்டுவதுபோல் தெரிந்தது. டம்ளரை ஏந்திக்கொண்டு அறைக்குப் போனாள். போகப் போகச் சாய்வு கூடி, கட்டிலருகே பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. போர்வையை விலக்கினாள். ஏழு மாதக் கர்ப்பம்போல் வயிறு.

"எத்தனை நாளாடி?"

"நேத்திலேர்ந்து. உன் காரியம் முடியட்டும்னுதான்…"

கிளினிக்கில் போனை எடுத்தவள், கொஞ்சம் வீக்கம் சகஜம் என்றாள். அக்கா அவளிடம் வாதாடவில்லை, ஆட்டோ பிடித்துத் தங்கையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கியிருந்தது. சினைப்பைகள் ஆரஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தன. ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டதால், அது எங்கும் உறைந்து அடைக்காமலிருக்க ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், குழாய் எடுத்துவரச் சொன்னார். மெல்லிய குழாய் வைத்து இரண்டரை லிட்டர் இறக்கினார்கள். வார்டில் ஆயாம்மா வாளிகளைப் பாதிதான் நிரப்பினாள். வராந்தாத் தொட்டியில் மீன்கள் சரிவாக நீந்தின. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஐந்தாம் நாள் கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். கரு தயார், அக்கா மட்டும் வந்தால் போதும். பத்திரமாக உறைய வைக்கச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். தங்கை அழ ஆரம்பித்தாள்.

"எனக்குப் பிள்ளை இல்லாம பழகிப்போச்சு. நீ இல்லாம பழக்கமில்ல. பேசாம படு" என்றாள் அக்கா.

எட்டாம் நாள் தங்கைக்குச் சிறுநீர் தாராளமாகப் பிரியத் தொடங்கியது. அளவுக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பரீட்சை மார்க்கை வாசிப்பதுபோல் ஆயிரத்து எழுநூறு என்று அக்கா அறிவித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும் என்று தெரிந்தும் தங்கை சிரித்தாள். மறுநாள் மீன்கள் நேராக நீந்தின. மூன்றாம் வாரம் தங்கை கடைக்குப் போய் லென்ஸ் பொருத்தினாள். உறைய வைத்த கருக்களில் முதலாவது தங்கவில்லை. இரண்டாவது தங்கியது, அடுத்த வருஷம் பெண் பிறந்து, இப்போது சித்தியின் காதைப் பிடித்து இழுக்கிறாள்.

அந்தக் கிளினிக்கில் இப்போது, முட்டை எடுத்த மூன்றாம் நாள் நர்ஸ் தானே போன் செய்கிறாள். எடை, சிறுநீர், மூச்சு எல்லாம் விசாரித்த பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறாள். பெரும்பாலும் நேராகத்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு டீச்சர், தண்ணீர் தன் பக்கமாகச் சாய்கிறது என்றாள்.

"சரிம்மா, கிளம்பி வாங்க. கட்டில் போட்டு வைக்கிறேன்" என்றாள் நர்ஸ்.