ரோஸ் நிற விளக்கு

"கொஞ்சம் அசையாம நில்லு, கன்னத்துல மட்டும்—"

"வேண்டாம்னு எத்தனை தடவைம்மா சொல்றது—"

"—இன்னிக்கு ஒரு நாள்தான், நோரீன். உங்கப்பாகூட வேலை பார்த்தவங்க வருவாங்க. அத்தனை பேரும் தோல் டாக்டருங்க—"

"—வரட்டும். கண்ணு இருக்கு, பார்த்துட்டுப் போகட்டும்."

"பார்ப்பாங்க. அவரைப் பார்க்க வந்துட்டு உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போவாங்க. அதானே உனக்கு வேணும்?"

அடக்கத்துக்கு முன் உடலை அலங்கரித்துப் பார்வைக்கு வைக்கும் கில்ஹூலி குடும்பத்தின் ஃபியூனரல் ஹோமில், பெண்கள் அறையில், பிலோமினா கறை மறைக்கும் க்ரீம் ட்யூபை மகளின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். நோரீனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, அம்மாவைவிட ஒரு தலை உயரம். ஆனாலும் கைகழுவும் தொட்டி இடுப்பில் இடிக்கும் வரை பின்வாங்கியிருந்தாள். வலது கண்ணுக்குக் கீழே தொடங்கி தாடை வரைக்கும் கன்னம் கருஞ்சிவப்பு. தாடையோரமாக அதில் விரல் அகலத்துக்கு வெளுத்து, சுருங்கி, மெழுகுபோல மின்னும் ஒரு பட்டை. சிவப்பு பிறவியிலேயே வந்தது. வெள்ளைப் பட்டை அவள் அப்பா போட்டது.

"செவ்வாய்க்கிழமை காலையிலயும் இப்படித்தான் வந்து நின்னே," என்றாள் பிலோமினா.

"அப்பாவுக்கு மூச்சு மாறிடுச்சுன்னு நர்ஸ் போன் பண்றா. நான் கண்ணாடி முன்னாடி உக்காந்து பூசிட்டு இருக்கணுமா?"

"ரெண்டு நிமிஷ வேலை."

"விளக்கை அணைச்சது யாரும்மா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? கண்ணைத் திறந்தாரு, உன்னைப் பார்த்தாரு, முகமே கோணிப் போச்சு. கடைசியா அதைப் பார்த்துட்டுத்தான் அந்த மனுஷன் போகணுமா?"

நோரீன் திரும்பிக் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள்.

வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று அப்பாவின் அறையில் ஒரு வாரமாகத் திரைச்சீலைகள் மூடியே கிடந்தன. கட்டிலருகே அவருடைய கிளினிக்கிலிருந்து வந்த பழைய விளக்கு மட்டும், கழுத்தை வளைத்துச் சுவரைப் பார்த்தபடி எரிந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கண் திறந்தார். குனிந்து நின்ற நோரீனின் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். "திரும்ப வந்திருக்கா," என்றார். பிறகு, "விளக்கு," என்றார். அம்மா எட்டி விளக்கை அணைத்தாள். இருட்டில் அவர் கை போர்வைமேல் எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. நர்ஸ் வந்து திரையை விலக்கியபோது அந்தக் கையும் நின்றிருந்தது.

திரும்ப வந்திருக்கா. யார்? எந்த நோயாளி? அப்போதிலிருந்து நோரீன் இதையே மென்றுகொண்டிருந்தாள். அவர் கடைசியாகப் பார்த்தது மகளை இல்லை. ஒரு கேஸை.

கதவு தட்டப்பட்டது. "மிசஸ் ஹன்ராட்டி, ஜனங்க வர்றதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க," என்றது கில்ஹூலியின் குரல். "எல்லாம் அழகா வந்திருக்கு. இதை நானே சொல்லிக்கக் கூடாது."

நோரீனின் அப்பா டெஸ்மண்ட் ஹன்ராட்டி நீல கோட்டு போட்டு, விரல்களில் ஜெபமாலை சுற்றி, சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, ரோஸ் நிற பல்பு போட்ட இரண்டு உயரமான விளக்குகள். அந்த வெளிச்சத்தில் அவர் இப்போதுதான் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து படுத்தவர் மாதிரி இருந்தார்.

"இடது கைக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் நோரீன்.

"அதுவா? மணிக்கட்டுப் பக்கம் என்னமோ நீலமா, திட்டுத்திட்டா இருந்துச்சு. கோட்டுக்கு வெளியே தெரிஞ்சுது. கொஞ்சம் பெயின்ட் கொடுத்து மறைச்சிட்டேன்."

"துடைச்சிடுங்க."

"நோரீன்," என்றாள் அம்மா.

"அது அழுக்கு இல்லம்மா. அவரோட வேலை."

கில்ஹூலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மாவும் பொண்ணும் முடிவு பண்ணிச் சொல்லுங்க. நான் போய் காபி போடுறேன்," என்று நழுவினார்.

நோரீன் கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து, தண்ணீரில் நனைத்து, தானே துடைத்தாள். தோல் பளிங்குக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. பெயின்ட் வழிந்து போனதும் மணிக்கட்டில் நான்கு நீலப் புள்ளிகள் வெளியே வந்தன, ஒரு தபால்தலையின் நான்கு மூலைகள்போல. நடுவில் ஒன்றுமில்லை. வெறும் தோல்.

அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் அப்படி ஒரு வழக்கம். தோல் கறையைப் போக்கப் புதிதாக எந்த லேசர் வந்தாலும் முதலில் தன் இடது கைமேல்தான் அடித்துப் பார்ப்பார். இடம் மறந்துபோகாமல் இருக்க ஊசியால் நான்கு மூலையிலும் மை குத்திவைப்பார். முழங்கை வரைக்கும் அப்படிச் சதுரங்கள், சிலது பழுப்பாக, சிலது தோல் இறுகி. இந்தச் சதுரம் மட்டும் சுவடே இல்லாமல் ஆறியது. "பாரு, ஒண்ணுமே இல்ல," என்று ஒன்பது வயது நோரீனிடம் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை அதே லேசரை அவள் தாடைக்குக் கொண்டுவந்தார். நாற்பது தாண்டிய ஆண்பிள்ளையின் கைத்தோல் வேறு, குழந்தையின் கன்னத்தோல் வேறு. தோலைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர் அதை மறந்துவிட்டார்.

அதன்பின் அவள் அவருடைய கிளினிக் வாசற்படி ஏறவில்லை. அவர் அதைவிட நல்ல லேசர்களைச் செய்தார். ஊரார் பிள்ளைகளின் கன்னங்களில் சிவப்பு மறைந்தது, நன்றிக் கடிதங்கள் வந்தன. வீட்டில் மட்டும் பிலோமினா ஒரு க்ரீம் ட்யூபை வாங்கிவைத்தாள். "அப்பா பார்த்துட்டு சாப்பாட்டுல கையே வைக்க மாட்டேங்கறார்," என்றாள். பள்ளியில் பாடம் நடத்தும்போது நோரீன் வெறும் முகத்தோடுதான் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போகும்போது மட்டும் காரை நிறுத்தி, உள்ளே தொங்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பூசிக்கொள்வாள். நாற்பது வருஷ ஞாயிறுகள்.

"சரி, பூச வேண்டாம்," என்றாள் பிலோமினா இப்போது, வேறு வழி கண்டுபிடித்த குரலில். "இந்த விளக்கு கிட்ட நில்லு. இதுல தெரியாது."

சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். சண்டை போட்டுக் களைத்திருந்த நோரீன் கால்மாட்டு விளக்கடியில் போய் நின்றாள்.

ஜனங்கள் வரிசையாக வந்தார்கள், மண்டியிட்டார்கள், கை கொடுத்தார்கள். மாமா மகன் ஒருவன், "எங்க கல்யாண விருந்துல கேக் வெட்டுறதுக்கு முன்னாடி என் சட்டையைக் கழட்டச் சொல்லி முதுகுல மச்சம் பார்த்தவர்," என்றான். "என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுறாங்க." பிலோமினாகூடச் சிரித்தாள்.

மூன்று மணி வாக்கில், கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர் வந்து நோரீனின் கையைப் பிடித்தார், விடவில்லை. அப்பாவோடு வேலை பார்த்த டாக்டர் ஆஸ்ட்ராண்டர் என்று சொன்னார். அவர் கண் அவள் தாடையில் நின்றது.

"தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் ஜன்னல் பக்கம் வர முடியுமா?"

"அவ இங்கயே நிக்கட்டும், டாக்டர்," என்றாள் பிலோமினா.

"ஒரே நிமிஷம், மிசஸ் ஹன்ராட்டி. தோலைப் பார்க்கணும்னா எனக்கு ஜன்னல் வேணும். உங்க டெஸ் பழக்கின பழக்கம்தான்."

நோரீன் போனாள். வெளியே பனி மூடிக் கிடந்தது. வெளிச்சம் வெள்ளையாக, இரக்கமில்லாமல் விழுந்தது. கிழவர் அவள் முகத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கன்னத்தை எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்படி?"

"ஸ்லைடுல. கண்ணு மேல கறுப்புப் பட்டை போட்டிருக்கும், அதனால முகம் தெரியாது. வருஷா வருஷம் புது டாக்டருங்க சேர்றப்போ அவர் காட்டுற முதல் படம் இதுதான்."

பின்னாலேயே வந்திருந்த பிலோமினா குறுக்கிட்டாள். "அவர் குணமானவங்களைத்தானே காட்டுவார்?"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல இது. 'இதைப் பண்ணினது நான். என் கையில ஆறிச்சு, அதனால பண்ணினேன்'னு சொல்வார். யாராவது ஒருத்தன் கேட்பான், இப்பதான் நல்ல லேசர் இருக்கே, அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுச் சரி பண்ணலாமேன்னு."

"என்ன சொல்வார்?" என்றாள் நோரீன்.

"'அவ திரும்ப வரல'ன்னுவார். எந்த வருஷமும் அதே பதில்தான்." கிழவர் கைத்தடியை மாற்றிப் பிடித்தார். "நான் ஒரு தடவை தனியா கேட்டேன். வந்தா என்ன பண்ணுவீங்க, டெஸ்? 'ஒண்ணும் பண்ண மாட்டேன். நல்ல வெளிச்சத்துல ஒரு தடவை பார்ப்பேன்'னார். யாரோ நோயாளின்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சிட்டிருந்தோம், அம்மா. சொந்த மகள்னு அவர் சொன்னதே இல்ல."

அவர் தலையைத் தாழ்த்தி, பெட்டியருகே மெதுவாக நடந்துபோய், மண்டியிட முடியாமல் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. கில்ஹூலி வாசலில் யாருக்கோ கோட்டு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நோரீன் பெட்டியிடம் வந்து, அப்பாவின் மணிக்கட்டில் நான்கு புள்ளிகளுக்கு நடுவே கட்டைவிரலை வைத்தாள். விரல் அந்த இடத்தில் சரியாகப் பொருந்தியது.

பிலோமினா கால்மாட்டு விளக்கை அணைத்தாள். பிறகு சுற்றிப் போய்த் தலைமாட்டு விளக்கையும் அணைத்தாள். ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் டெஸ்மண்டின் முகத்தில் பெயின்ட் முடிகிற கோடு தெரிந்தது. அதற்குக் கீழே கழுத்து சாம்பல் நிறத்தில் இருந்தது. மகளின் கன்னம் சிவப்பாக இருந்தது. க்ரீம் ட்யூப் இன்னும் பிலோமினாவின் கையிலேயே இருந்தது. மூடி எங்கேயோ விழுந்திருந்தது. விரல் நுனியில் பிதுங்கிய க்ரீம் காய்ந்துபோயிருந்தது.

"அன்னிக்கு அவரு விளக்கைக் கிட்ட கொண்டு வரத்தானே சொன்னாரு, நோரீன்?"