கடைமடையில் கைதட்டல்

குந்தவையைப் பாராட்டி இங்கிலீஷ் பேப்பரில் வந்த விமர்சனத்தைத் தூக்கிக்கொண்டு நான் வயலுக்கு ஓடியபோது, அவள் அப்பா தியாகேசன் முழங்கால் சேற்றில் நின்று வரப்பு அணைத்துக்கொண்டிருந்தான். ஓடினேன் என்றால் சாதாரண ஓட்டமில்லை. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றபின் இந்தக் கால்கள் அப்படி ஓடியதே கிடையாது. இரண்டு கொக்குகள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றன.

"நல்லா சத்தமா படிங்க மாமா. இவங்க காதுல ஏறட்டும்" என்றாள் அவன் மனைவி அமிர்தம், கையில் பறித்துக் கட்டிய நாற்று முடியோடு.

ஏற வேண்டிய அவசியம் இருந்தது. ஹங்கேரியில் பியானோவும், தானே இசை இயற்றுவதும் மேற்கொண்டு படிக்க குந்தவைக்கு இடம் கிடைத்திருந்தது. செலவெல்லாம் அவர்களுடையது. அப்பா சரி என்று சொல்லாமல் விமானம் ஏறமாட்டேன் என்று அவள் பிடிவாதம். அவனோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால் "பாப்போம்." அந்த ஒரு சொல்லிலேயே குறுவை அறுப்பு முடிந்து சம்பா நடவு வந்துவிட்டது.

வரப்பிலேயே நின்று தமிழில் வாசித்தேன். 'கடைமடை என்று தானே இயற்றிய இசையை இளம் கலைஞர் குந்தவை வாசித்தார். அதன் நடுவில் வருகிற நீண்ட மௌனம், சமீபத்தில் நாம் கேட்டவற்றிலேயே சிறந்த இசை. உறைந்த ஏரியின் மேல் பனி விழுவது போலிருந்தது.' விமர்சகர் எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான். எனக்குப் போதவில்லை. அரங்கமே எழுந்து நின்று அழுததாகவும், ஒரு வெள்ளைக்காரர் மயங்கி விழுந்ததாகவும், அவரைத் தூக்கப் போனவரும் பக்கத்திலேயே விழுந்ததாகவும் என் பங்குக்குச் சேர்த்தேன். அதற்கெல்லாம் இடம் வேண்டுமே என்று, அவள் கையை எப்படி வைத்திருந்தாள் என்ற ஒரு சப்பை வரியை விட்டுவிட்டேன்.

தியாகேசன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான்.

"எதுக்குண்ணே பாராட்டியிருக்காங்க?"

"நடுவுல நிப்பாட்டுறால்ல, அதுக்கு."

"வாசிக்காம இருந்ததுக்கா?"

"ஆமாப்பா."

"அதுக்கு ஹங்கேரி எதுக்கு? இங்கயே வாசிக்காம இருக்கலாமே."

நாற்று முடி அவன் முதுகில் வந்து விழுந்தது. அமிர்தத்துக்குக் குறி தப்பாது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார். அது ஓடினால் நாகப்பட்டினத்தில் படகிலிருப்பவன் காதைப் பொத்துவான். குந்தவை அரை ஆள் உயரம் இருந்த நாளில், தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை வரப்பில் போய் நிற்பாள். தண்ணீர் காலைத் தொட்டதும் வலக்கையைத் தூக்குவாள், கத்தினால் கேட்காது. மோட்டார் கொட்டகை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பவன் உடனே சுவிட்சை அணைப்பான். நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் எங்கள் கருவி எதுவும் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்ததில்லை.

"நேர்ல கேட்டுட்டு அப்பறம் பேசு" என்று சொல்லி நானே பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தேன். அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த நாகப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் பியானோவே வந்தது, நெல் ஏற்றுகிற வண்டியில், சுற்றிலும் வைக்கோல் வைத்து, நிறைமாதப் பிள்ளைத்தாச்சி மாதிரி. கூத்தாநல்லூரிலிருந்து கலந்தர் பாய் மைக் செட்டோடு வந்தார். கல்யாண மண்டபம் நிரம்பி, ஜன்னலுக்கு நாலு தலை. நான் மைக்கைப் பிடித்து விளக்கினேன்: "நடுவுல ஒரு எடத்துல நிப்பாட்டும். அதான் பேப்பர்ல போட்ட எடம். யாரும் அசந்துடாதீங்க!"

குந்தவை வாசித்தாள். இடக்கை அடியில் கடகடவென்று ஒரே சீராக ஓடியது. அந்தச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஆனால் யோசிக்க நேரமில்லை, மௌனம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஊரே காத்துக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அவள் வலக்கை மேலே போயிற்று.

"இதான்! இதான்!" என்று கத்தியது நான்தான். இடி விழுந்தது மாதிரி கைதட்டல். விசில். பின்வரிசையில் நாற்காலி மேல் ஏறித் தட்டினார்கள். மேடை ஓய்ந்தால் பாட்டுப் போட்டுப் பழகிய கலந்தர் பாயின் கை தானாகப் பாட்டுப் பெட்டிப் பக்கம் போக, "பாய், கைய எடுங்க!" என்று அமிர்தம் போட்ட சத்தம்தான் அன்றைக்கு அதிகம் கேட்டது.

குந்தவை திரும்பவில்லை. கையை இறக்கவுமில்லை. தட்டித் தட்டி ஓய்ந்தார்கள்.

"புள்ள மறந்துட்டு போலருக்கே" என்றது ஒரு குரல்.

இப்போது மண்டபத்து ஃபேன்கள் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு ஹெலிகாப்டர். முன்வரிசையிலிருந்து தியாகேசன் எழுந்தான். அமிர்தம் துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டு அவளிடம் நின்றது, அவன் நிற்கவில்லை. வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தான். போச்சு, ஹங்கேரி முழுகிவிட்டது என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

"தியாகு, எங்கப்பா போற?"

அவன் வெளியே போகவில்லை. வாசலை ஒட்டி இருந்த சுவிட்ச் போர்டின் முன் நின்று, மேடையையே பார்த்தபடி, ஒவ்வொன்றாக அணைத்தான். ஃபேன்கள் முனகி, தள்ளாடி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. "வேர்க்குதுப்பா" என்று தொடங்கிய ஆளும் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

"தண்ணி வந்துட்டு" என்றான் தியாகேசன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் நான் விட்டுவிட்ட வரி ஞாபகம் வந்தது. 'தூரத்தில் இருக்கும் யாரோ பார்க்கவேண்டும் என்பதைப் போல் வலக்கையை உயர்த்தி வைத்திருந்தார்.' அதோடு சேர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வெளியே வாய்க்காலில் தண்ணீர் போவது உள்ளே கேட்டது. குந்தவை மெதுவாகத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். அத்தனை பேர் தலைக்கும் மேலே அங்கே அவள் கை. இங்கே சுவிட்சின் மேல் இவன் விரல். இரண்டும் இறங்கவில்லை.