கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே

சர்வேயர் வீட்டுப் படுக்கையறையில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த எட்டடி, மழை தொடங்கிய வாரத்தில் நாற்பது அடியானது. அதன் பிறகு மாதாமாதம் நீண்டு முக்கால் மைலைத் தாண்டியது. வெளிச்சுவர் நகரவில்லை. அக்கம்பக்கத்தாருக்கு ஓர் அங்குலமும் நஷ்டமில்லாததால் யாரும் புகார் சொல்லவில்லை. கட்டில் இருந்த அந்தக் கோடியில் படுத்திருந்தவள் அவருடைய மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். காய் நறுக்கும்போது எதையாவது முணுமுணுத்துப் பாடுகிறவள். ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தாள், கதவைப் பார்த்தாள், "ரொம்ப தூரமா இருக்குங்க" என்று சொல்லி மறுபடி படுத்துவிட்டாள்.

ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர் தன் வீட்டை அளக்கவில்லை. வரைபடத்தில் எட்டடி என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. "எட்டே அடிதாம்மா, எந்திரிச்சு வா" என்று தினமும் நிலைப்படியிலிருந்து கூப்பிட்டார். சாப்பாடு கொண்டுபோய்த் திரும்புவதற்குள் கால் கழன்றது; வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார். டீ ஆறிப்போனதற்குப் பாலைக் குறை சொன்னார். அவருடைய அக்கா வந்து, கதவருகிலேயே நின்று, "எல்லாம் மனசுதான். எனக்கில்லாத கவலையா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அக்காவுக்கு இரண்டும் வந்ததேயில்லை. டாக்டர் மட்டும் மாத்திரை எழுதிக்கொடுத்து, இது வழியைக் குறைக்காது, காலுக்குத் தெம்பு தரும் என்றார்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சர்வேயர், தான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. பதினாறு வருடம் கூடவே இருந்தவளுக்காக, இதே வீட்டில் இருக்கிறவளுக்காக, அவர் அப்படி ஏங்கிப்போனார். கத்தியை வைத்துவிட்டு அளவுச் சங்கிலியை எடுத்தார். நிலைப்படியில் முதல் முளையை அடித்து, ஒவ்வொரு நீளத்தையும் இரண்டு தடவை குனிந்து குனிந்து அளந்துகொண்டே போய், சாயங்காலம் கட்டிலைச் சேர்ந்தார்.

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு அடி" என்றார் மூச்சிரைக்க.

அவள் தலையைத் தூக்கினாள். "அளந்தீங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்ப நிஜமாவே தூரம்தானா?"

"தூரம்தாம்மா. எனக்குத்தான் தெரியல."

அவள் அழுதாள். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் அழுகை. அழுது முடித்து, "இவ்வளவு தூரமா சாப்பாடு தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவர் நிலைப்படியில் நின்று கூப்பிடுவதில்லை. ஐந்நூறு அடிக்கு ஒரு கல் நட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார். மூன்றாவது வாரம் அவள் கட்டிலுக்குப் பக்கத்துக் கல்வரை நடந்து வந்து, உட்கார்ந்து, அவரோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். இப்போது ஏழு வருடமாகிறது. கண்ணாடிக் கடைக்குப் பாதி நாட்கள் போகிறாள். சில காலைகளில் அவளுக்கு முன்னால் அவள் பாட்டு சமையலறைக்கு வந்துவிடும். எந்தக் கல்லில் இருக்கிறாள் என்று அவர் அதை வைத்தே சொல்லிவிடுவார். பாட்டு வராத காலைகளில் சங்கிலி போட்டுப் பார்ப்பார். பத்துப் பதினைந்து அடியென்றால் டீயை டம்ளரிலேயே கொண்டுபோவார். ஒரு மைலென்றால் பிளாஸ்க்கில் டீயை ஊற்றி, இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.